ஆய்வு முடிந்த பிறகும் அங்கே மக்கள் இருக்கிறார்கள்

மலேசியாவில் எத்தனை பேருக்கு நீரிழிவு, எத்தனை பேருக்கு இரத்தக் கொதிப்பு என்ற கணக்கெல்லாம் ஷா ஆலமில்தான் கூட்டிப் பார்க்கப்படுகிறது. தேசிய சுகாதார நோய்நிலை ஆய்வை நடத்தும் பொதுச் சுகாதாரக் கழகம், செத்தியா ஆலமில் உள்ள தேசிய சுகாதாரக் கழக வளாகத்தில் இயங்குகிறது. சிலாங்கூர் மாநிலச் சுகாதார இலாகாவின் தலைமை அலுவலகமும் இதே நகரில் இருக்கிறது. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகமும், எம்எஸ்யு என்று எல்லாரும் அறிந்த பல்கலைக்கழகமும் இங்கேதான். பொதுச் சுகாதாரத்தில் முதுகலைப் பட்டமும் டாக்டர் பட்டமும் தரும் மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகத்தின் செராஸ் வளாகம், செர்டாங் புத்ரா பல்கலைக்கழகம் மூன்றும், கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசல் இல்லாத நாளில், ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் தூரத்தில் இருக்கின்றன. பொதுச் சுகாதார அறிவு இவ்வளவு நெருக்கமாகக் குவிந்திருக்கும் இதே கிள்ளான் பள்ளத்தாக்கில்தான் டிங்கிக் காய்ச்சலும் ஆண்டுதோறும் அதிகமாகப் பதிவாகிறது. நீரிழிவு முற்றிச் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்வருவதும் இங்கேதான். அறிவும் நோயும் இத்தனை அருகில் இருந்தும் ஒன்றையொன்று சரியாகச் சந்திக்காமல் இருப்பது ஏன்?

பல்கலைக்கழகம் சமூகத்தோடு வைத்திருக்கும் உறவு அமைந்துள்ள விதமே அதற்கு முதல் காரணம் என்பது என் வாதம். பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பு பெரும்பாலும் ஓர் ஆண்டில் முடிந்துவிடுகிறது. மாணவர் மேற்பார்வையாளரோடு பேசித் தலைப்பை முடிவு செய்கிறார்; நெறிமுறைக் குழுவின் அனுமதியைப் பெறுகிறார்; ஓர் அரசு கிளினிக்கையோ குடியிருப்பையோ தேர்ந்தெடுத்துச் சில வாரங்கள் கேள்வித்தாள்களை நிரப்புகிறார்; புள்ளிவிவரக் கணக்கைப் போட்டு ஆய்வேட்டை ஒப்படைக்கிறார். டாக்டர் பட்டத்துக்குத் தொடரும் மருத்துவர்களுக்கு மாவட்டச் சுகாதார அலுவலகங்களில் களப்பயிற்சியும் உண்டு. இவர்களுடைய உழைப்பில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கேள்விகளுக்குப் பதில் சொன்ன குடும்பத்துக்கு முடிவு என்ன ஆயிற்று என்று பெரும்பாலும் தெரியவருவதில்லை. அடுத்த ஆண்டு வேறொரு மாணவர் வேறொரு கேள்வித்தாளோடு வேறொரு குடியிருப்புக்குப் போகிறார். உறவு மாணவரோடு தொடங்கி மாணவரோடு முடிகிறது. இதைப் பல்கலைக்கழகத் துறைக்கும் உள்ளூரில் சுகாதாரப் பணி செய்யும் அமைப்புகளுக்கும் இடையே எழுத்தில் உறுதிசெய்த, ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் உறவாக மாற்ற வேண்டும். எதை ஆராய்வது என்று முடிவு செய்வதில் அந்த அமைப்புகளுக்குச் சம உரிமை இருக்க வேண்டும். மாவட்டச் சுகாதார அலுவலகம், அரசு கிளினிக்கின் ஆலோசனைக் குழு, அரசாங்கத்தின் கோஸ்பென் சுகாதாரத் திட்டத் தொண்டூழியர்கள், தேசிய சிறுநீரக அறநிறுவனம் போன்ற பொது அமைப்புகள், குடியிருப்பாளர் சங்கங்கள் எல்லாவற்றையும் சேர்த்தே இங்கே உள்ளூர் அமைப்புகள் என்கிறேன்.

தமிழர்களுக்கு இதில் ஏன் கூடுதல் அக்கறை வேண்டும் என்பதை எண்கள் சொல்கின்றன. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார நோய்நிலை ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, ஆய்வுக் குழு விரலைக் குத்திப் பார்க்கும் வரை தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. இந்தியர்களிடையே நீரிழிவு விகிதம் பத்தில் மூவர் என்ற அளவில் இருந்தது. மற்ற எந்த இனத்தைவிடவும் அதிகம். 2023ஆம் ஆண்டின் ஆய்வில் தேசிய விகிதம் 15.6 விழுக்காட்டுக்கு இறங்கியபோதும், இந்தியர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் நீரிழிவு இருந்தது. பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் உடற்பருமனோடோ கூடுதல் எடையோடோ இருப்பதையும் அதே ஆய்வு காட்டியது. நாட்டில் இரத்தச் சுத்திகரிப்பில் இருப்போர் எண்ணிக்கை 50 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. புதிதாக அந்த நிலைக்கு வருவோரில் பாதிக்கும் மேலானவர்களின் சிறுநீரகத்தைக் கெடுத்தது நீரிழிவுதான். ஆகவே, நோய் எங்கே இருக்கிறது என்று தெரியாத நிலையில் நாம் இல்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொரு தேசிய ஆய்வும் கிட்டத்தட்ட அதே எச்சரிக்கையைத்தான் விடுத்து வருகிறது.

ஆனால் தேசிய ஆய்வால் சொல்ல முடியாத விஷயங்களும் உண்டு. அதன் மாதிரிக் கணக்கு நாட்டையும் மாநிலங்களையும் படம்பிடிப்பதற்காக வகுக்கப்பட்டது. கிள்ளான் மேருவில் உள்ள ஓர் அடுக்குமாடியின் நிலையை அதிலிருந்து எடுக்க முடியாது. ‘இந்தியர்’ என்ற ஒரே கட்டத்துக்குள் சுபாங்கில் குடியிருக்கும் கணக்காய்வாளரும் இரவு வேலை பார்க்கும் தொழிற்சாலைப் பாதுகாவலரும் சேர்ந்தே எண்ணப்படுகிறார்கள். பாதுகாவலர் பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் பிறகு காலையில் தூங்கப் போகும் நேரத்தில்தான் கிளினிக் திறக்கிறது என்பதும், மாத்திரையை எப்போது சாப்பிடுவது என்று அவருக்கு மலாயில் சொன்னது பாதிதான் புரிந்தது என்பதும், வாங்கிய மாத்திரையை மனைவியோடு பகிர்ந்துகொள்கிறார் என்பதும் எந்தத் தேசிய அட்டவணையிலும் ஏறாது. தலையீடு தோற்பதும் ஜெயிப்பதும் இந்த இடத்தில்தான். பொதுச் சுகாதாரப் பட்டப்படிப்பில் கற்றுத்தரப்படும் முறைகள், குறிப்பாகச் சிறு பகுதியின் தேவையை மதிப்பிடுவது, நேர்காணல்களை ஒழுங்காகப் பகுத்துப் பார்ப்பது, ஒரு திட்டம் பலன் தந்ததா என்று அளப்பது ஆகியவை, இந்த இடைவெளியை நிரப்பவே பயன்பட வேண்டியவை. கருவி ஒரு கையிலும் வேலை இன்னொரு கையிலும் இருக்கின்றன.

இந்த இடைவெளிக்கு ஒரு வரலாறும் உண்டு. ஷா ஆலம் நகரமே சுங்கை ரெங்கம் என்று வழங்கிய ரப்பர், செம்பனைத் தோட்டப் பகுதியில் எழுந்தது. 1978இல் மாநிலத் தலைநகரானது. மிட்லண்ட்ஸ், கிளன்மேரி, புக்கிட் ராஜா என்று தோட்டங்களின் பெயர்கள் இன்றும் தமிழ்ப்பள்ளிகளிலும் சாலைகளிலும் தொழிற்பேட்டைகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தோட்டக் காலத்துச் சுகாதாரத்தைப் பொற்காலமாகப் பாட ஒன்றுமில்லை. லயத்து வீடுகளின் நெருக்கடியும் சாக்கடையும் ஊட்டக்குறைவும் யாருக்கும் தெரியாததல்ல. இருந்தாலும் தோட்டத்தில் டிரெசர் என்ற மருந்தகப் பணியாளர் ஒருவர் இருந்தார். எந்த வரிசையில் எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் பிரசவம் நெருங்குகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1980களிலும் 1990களிலும் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறியபோது, மக்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் புறநகர்களுக்கும் சிதறினார்கள். வேலையோடு வீடு போயிற்று என்பதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். ஆளை அறிந்த சுகாதாரப் பணியாளர் ஒருவரும் அதோடு போய்விட்டார் என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. நகரத்தின் அரசு கிளினிக்குகள் மருத்துவத் தரத்தில் தோட்ட மருந்தகத்தைவிட எவ்வளவோ மேல். ஆனால் அவை தங்களிடம் வருகிறவரைத்தான் பார்க்கின்றன, வராதவர் யார் என்று தேடிப் போக அவற்றுக்கு ஆளில்லை.

உள்ளூர் அறிவும் ஆய்வுக்கூட அறிவும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று கிள்ளானிலேயே நடந்தது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகம் திறந்ததும் மலேரியா தலைவிரித்தாடியது. துறைமுகத்தையே மூட வேண்டிவருமோ என்ற நிலை. கிள்ளான் மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், கொசுவால்தான் மலேரியா பரவுகிறது என்று ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த அந்த நேரத்தில், சதுப்பு நிலங்களின் நீரை வடியவைத்து, காட்டை அகற்றி நோயைக் கட்டுப்படுத்தினார். ஆனால் நமக்குப் பாடம் அவருடைய வெற்றியில் மட்டும் இல்லை. அதே முறையை மேட்டு நிலத் தோட்டங்களில் கையாண்டபோது நோய் கூடியது. கடலோரச் சதுப்பில் நிழலான குட்டைகளில் முட்டையிடும் அனோபிலஸ் அம்ப்ரோசஸ் கொசுவுக்குக் காட்டை வெட்டுவது எமனாக இருந்தது. மலையோடைகளில் வெயில் படும் தெளிந்த நீரைத் தேடும் அனோபிலஸ் மாகுலாட்டஸுக்கோ அது விருந்தாக அமைந்தது. அங்கே நிலத்தடிக் குழாய்களால் ஓடை நீரை மறைப்பதும் எண்ணெய் தெளிப்பதும்தான் உதவின. அந்தத் தோட்டங்களில் காய்ச்சலில் விழுந்தவர்களில் பெரும்பாலோர் நம் முன்னோர்களான தமிழ்த் தொழிலாளர்கள். ஓரிடத்தில் காப்பாற்றிய அறிவு சில மைல் தள்ளி ஆளைக் கொல்லலாம் என்பதை வாட்சன் அறிந்தது, ஆண்டுக்கணக்கில் அந்தந்தத் தோட்டத்தின் மண்ணிலேயே நின்று பார்த்ததால்தான்.

நூறாண்டுக்கு மேல் கழித்து இதே பள்ளத்தாக்கில் இன்னொரு கொசுவை வைத்து நடந்த வேலையும் கவனிக்கத்தக்கது. 2019இல் நாட்டில் 130,101 டிங்கிச் சம்பவங்களும் 182 மரணங்களும் பதிவாயின. அதற்குச் சற்று முன்பு, 2017இல் தொடங்கி, மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கிளாஸ்கோ, மெல்பர்ன் பல்கலைக்கழகங்களோடு இணைந்து, வொல்பாக்கியா என்ற நுண்ணுயிரைக் கொண்ட ஏடிஸ் கொசுக்களைக் கோலாலம்பூர் சுற்றுவட்டாரத்தில் ஆறு இடங்களில் விட்டது. ஷா ஆலம் செக்‌ஷன் 7இன் அடுக்குமாடிகளும் தரைவீடுகளும் அவற்றில் அடக்கம். அந்த நுண்ணுயிர் கொசுவின் உடலில் டிங்கிக் கிருமி பெருகுவதைத் தடுக்கிறது. விட்ட பகுதிகளில் டிங்கி ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததாக 2019இல் வெளியான ஆய்வுக் கட்டுரை காட்டியது. பிறகு சுகாதார அமைச்சே அதை விரிவாக்கத் தொடங்கியது. கொசுவை ஒழிக்கச் சொல்லி வந்த அரசாங்கம் வீட்டு வாசலில் கொசுவைக் கொண்டுவந்து விடுகிறது என்றால் மக்கள் எதிர்ப்பார்கள். குடியிருப்பாளர்களிடம் முன்கூட்டியே பேசி, விளக்கி, இணக்கம் பெற்றதால்தான் அது நடந்தது. ஆய்வுக்கூடத்தின் அறிவும் அமைச்சின் அதிகாரமும் குடியிருப்பின் ஒப்புதலும் ஒரே திட்டத்தில் சேர்ந்த அபூர்வம் அது. கொசுவுக்குச் செய்ததைச் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் ஏன் செய்யக் கூடாது?

நீடித்த உறவுக்கு நாட்டுக்குள்ளேயே முன்மாதிரி உண்டு. மோனாஷ் பல்கலைக்கழகத்தின் மலேசியப் பிரிவு 2011இல் ஜொகூர் சிகாமாட்டில் சியாக்கோ என்ற சமூகக் கண்காணிப்பகத்தை நிறுவியது. ஐந்து முக்கிம்களில் சுமார் 40 ஆயிரம் பேரை, மலாய், சீன, இந்திய, பூர்வகுடிக் குடும்பங்கள் உட்பட, ஆண்டுகள் தாண்டித் தொடர்ந்து பார்த்து வருகிறது. வீடு வீடாகப் போகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள். மாணவர்கள் வருகிறார்கள், போகிறார்கள். அலுவலகமும் மக்களின் அறிமுகமும் அங்கேயே இருக்கின்றன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1977 முதல் கே.வி. குப்பம் வட்டாரத்தில் ருசா என்ற ஊரகச் சுகாதாரப் பிரிவை நடத்துகிறது. அரை நூற்றாண்டை எட்டும் அந்தத் தொடர்ச்சியில் மாணவர் தலைமுறைகள் பல மாறிவிட்டன. இலங்கையில் 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதல் சுகாதாரப் பிரிவு, மக்களுக்குச் சேவை செய்யும் இடமாகவும் சுகாதாரப் பணியாளர்கள் பயிலும் களமாகவும் ஒருங்கே வளர்ந்தது. அந்தத் தீவின் சுகாதார வைத்திய அதிகாரி முறை அங்கிருந்துதான் நாடெங்கும் பரவியது. மூன்று இடங்களும் வெவ்வேறு. மாணவர் வருவதற்கு முன்பே உறவு இருந்தது, அவர் போன பிறகும் இருக்கிறது என்பதுதான் மூன்றுக்கும் பொது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இதற்கு ஈடாகச் சொல்ல ஒன்று என் கண்ணுக்குப் படவில்லை. கிராமப்புறத்தைவிட நகர்ப்புறத்தில் மக்கள் அடிக்கடி வீடு மாறுகிறார்கள், வாடகைக்கு இருக்கிறார்கள் என்பது உண்மைதான். அந்தக் காரணத்தாலேயே தொடர்ந்து பார்க்கும் கண் இங்கே இன்னும் அவசியம்.

பணக்கார நாடுகளும் இந்தத் தவற்றைச் செய்தே கற்றுக்கொண்டன. அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 1988இல் வெளியிட்ட பொதுச் சுகாதாரத்தின் எதிர்காலம் பற்றிய அறிக்கை, பொதுச் சுகாதாரப் பள்ளிகள் ஆராய்ச்சியில் மூழ்கிக் களப்பணியிலிருந்து விலகிவிட்டன என்று கண்டித்தது. அதன் பிறகு பல்கலைக்கழகங்களையும் சுகாதாரத் துறைகளையும் இணைக்கும் பேரவை உருவாயிற்று. பல்கலைக்கழகமும் உள்ளூர்ச் சுகாதாரத் துறையும் ஊழியர்களையும் பயிற்சியையும் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தங்கள் பரவின. இன்று அந்த நாட்டின் அங்கீகார அமைப்பு, முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தான் களப்பயிற்சி பெறும் அமைப்புக்கே பயன்படும் ஆக்கங்கள் குறைந்தது இரண்டையாவது உருவாக்கிக் காட்ட வேண்டும் என்கிறது. அது ஒரு கையேடாக இருக்கலாம், ஒரு மதிப்பீட்டு அறிக்கையாக இருக்கலாம், கிளினிக்கின் வருகைப் பதிவைச் சீராக்கும் சிறு திட்டமாக இருக்கலாம். நம் பட்டப்படிப்புகளைத் தரப்படுத்தும் மலேசியத் தகுதி நிறுவனமும் பல்கலைக்கழகங்களின் செனட்டுகளும் இந்த ஒரு விதியை எடுத்துக்கொண்டாலே போதும். மாணவர் என்ன கற்றார் என்பதோடு, போன இடத்தில் என்ன விட்டுவந்தார் என்பதும் மதிப்பெண்ணுக்கு உரியதாகிவிடும்.

நான் கேட்பது பெரிய கட்டடமோ புதிய வாரியமோ இல்லை. பெட்டாலிங், கிள்ளான் என்ற இரு மாவட்டங்களில் முதலில் தொடங்கலாம். மாவட்டச் சுகாதார அலுவலகமும் ஒரு பல்கலைக்கழகத் துறையும் குறைந்தது பத்தாண்டுக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளட்டும். அதில் சில குடியிருப்புப் பகுதிகள் பெயரோடு குறிக்கப்படட்டும். ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் மாவட்ட அலுவலகமும் கிளினிக் ஆலோசனைக் குழுவும் பொது அமைப்புகளும் கூடித் தங்களுக்குப் பதில் வேண்டிய கேள்விகளைப் பட்டியலிடட்டும்; மாணவர் அதிலிருந்து தேர்ந்தெடுக்கட்டும். பரிசோதனையில் சர்க்கரை அதிகம் என்று தெரிந்தவர்களில் எத்தனை பேர் மூன்று மாதத்துக்குள் கிளினிக்குக்குப் போனார்கள், போகாதவர்கள் ஏன் போகவில்லை என்பது ஒரு நல்ல கேள்வி. இரவு வேலை செய்பவர்களுக்காக வாரத்தில் ஒரு நாள் மாலை கிளினிக் திறந்தால் வருகை கூடுகிறதா என்பது இன்னொன்று. முன்னைய மாணவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடரும்படி தரவும் கருவிகளும் மாவட்டத்திலேயே பாதுகாப்பாக இருக்கட்டும். ஆய்வு முடிந்ததும் இரண்டு பக்கச் சுருக்கம் மலாயிலும் தமிழிலும் மாண்டரினிலும் அந்தக் குடியிருப்புக்குத் திரும்பி வருவது ஒப்பந்தத்தின் கட்டாய விதியாக இருக்கட்டும்.

இதற்கு முதலில் எழும் ஆட்சேபம் மாவட்ட அலுவலகங்களிலிருந்தே வரும். டிங்கியும் தட்டம்மையும் காசநோயும் உணவு நச்சும் ஒரே நேரத்தில் துரத்தும்போது மாணவர்களுக்குப் பாடம் சொல்ல யாருக்கு நேரம் என்பார்கள். நியாயமான கேள்வி, ஆனால் அது இன்றைய முறைக்கு எதிரான வாதம். ஒவ்வோர் ஆண்டும் புதிய முகம் வந்து, அடிப்படையிலிருந்து எல்லாவற்றையும் விளக்கச் சொல்லி, பயன்படாத அறிக்கையோடு போவதுதான் சுமை. பல்கலைக்கழகமே சம்பளம் தரும் ஓர் ஒருங்கிணைப்பாளர் மாவட்ட அலுவலகத்தில் அமர்ந்து, மாணவரின் முதல் மாதப் பயிற்சியையும் அனுமதிகளையும் பார்த்துக்கொண்டால், அதிகாரியின் நேரம் மிச்சமாகும். அதிகாரி நீண்டநாளாகச் செய்ய நினைத்துச் செய்ய முடியாமல் இருந்த மதிப்பீட்டை மாணவர் செய்து தந்தால், அந்த நேரத்துக்குப் பலனும் கிடைக்கும். அதோடு, அந்த மாணவர்களில் பலர் சில ஆண்டுகளில் அமைச்சின் சொந்த அதிகாரிகளாகவே திரும்பி வரப்போகிறவர்கள். பயிற்சிக்குச் செலவிடும் நேரம் வெளியாருக்குத் தரும் தானமாகாது.

பல்கலைக்கழகத் தரப்பின் ஆட்சேபம் வேறு. மாவட்டத்தின் அன்றாடக் கேள்விகள் ஆய்வேட்டுக்கு எடுபடாது, சர்வதேச ஆய்விதழ்கள் அவற்றை வெளியிடாது, விரிவுரையாளரின் பதவி உயர்வோ வெளியீடுகளை நம்பியிருக்கிறது என்பார்கள். செக்‌ஷன் 7இன் கொசு ஆய்வு உலகின் முன்னணி அறிவியல் இதழ் ஒன்றில்தான் வந்தது. உள்ளூர்க் கேள்வி என்பதால் அதன் தரம் குறைந்துவிடவில்லை. பத்தாண்டு தொடர்ந்து திரட்டிய தரவு, ஒருமுறை நிரப்பிய நூறு கேள்வித்தாள்களைவிட ஆய்விதழ்களுக்கும் மதிப்பு மிகுந்ததுதான். சியாக்கோவிலிருந்து வந்திருக்கும் கட்டுரைகளே அதற்குச் சாட்சி. இருந்தாலும் பதவி உயர்வு விதிகளை மாற்றாமல் இது ஓடாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாவட்டத்தோடு பணியாற்றி ஒரு திட்டத்தை மாற்றிக் காட்டிய விரிவுரையாளருக்கு, ஒரு கட்டுரைக்குத் தரும் எடையையாவது தர வேண்டும். ஓர் ஆண்டுப் படிப்பில் எதையும் ஆழமாகச் செய்ய முடியாது என்ற வாதத்துக்கும் இதே பதில்தான்: தனி மாணவருக்கு ஓர் ஆண்டு போதாது, பத்து மாணவர்கள் ஒரே இடத்தில் அடுத்தடுத்துச் செய்தால் பத்தாண்டு வேலை.

மூன்றாவது ஆட்சேபம் நம் பொது அமைப்புகளைப் பற்றியது. அவற்றில் அரசியல் உண்டு, தலைவர் மாறினால் திட்டம் மாறும், சில அமைப்புகள் பெயர்ப்பலகையோடு நின்றுவிடுகின்றன என்பது வெறும் அவதூறு என்று தள்ளிவிட முடியாதது. ஒருநாள் சுகாதார முகாம் நடத்தி, இரத்த அழுத்தம் பார்த்து, விருந்தினரோடு படம் எடுத்து முடிப்பதில் நம் சமூகம் தேர்ந்திருக்கிறது. முகாமில் சர்க்கரை அதிகம் என்று கண்டவரைப் பிறகு யார் தொடர்ந்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. அதனால்தான் கணக்குக் கேட்கும் கூட்டாளி அவற்றுக்குத் தேவை. பல்கலைக்கழகத் துறை ஒன்று மதிப்பீட்டைப் பொறுப்பேற்றால், நல்ல அமைப்பு தன் வேலையை நிரூபித்து நிதி கேட்கலாம். பெயரளவு அமைப்பு தானே வெளிப்பட்டுவிடும். அதே சமயம், நோயாளிகளின் தகவலைத் தொண்டூழியர் கையில் கொடுப்பதா என்ற அச்சம் முக்கியமானது. பெயர் தெரியும் தகவல் கிளினிக்கையும் மாவட்ட அலுவலகத்தையும் தாண்டக் கூடாது. தொண்டூழியருக்குத் தெரிய வேண்டியது யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதே, என்ன நோய் என்பதல்ல. அமைச்சின் மருத்துவ ஆராய்ச்சி நெறிமுறைக் குழு இந்த எல்லையை ஒப்பந்தத்திலேயே வரைந்துவிட்டால், ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு முறை புதிதாக அனுமதிக்கு அலையும் தாமதமும் குறையும்.

அரசாங்கத்திடம் ஏற்கெனவே கோஸ்பென் இருக்கிறதே, சிலாங்கூரில் இலவசப் பரிசோதனைக்கு 2022இல் தொடங்கிய சிலாங்கூர் சாரிங் இருக்கிறதே, பிறகு ஏன் பல்கலைக்கழகம் என்றும் கேட்கலாம். 2013இல் தொடங்கிய கோஸ்பென், அக்கம்பக்கத்தாரையே பயிற்றுவித்து எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்க வைத்த நல்ல யோசனை. பரிசோதனைத் திட்டங்கள் தொடங்குவதில் நாம் பின்தங்கவில்லை. எங்கே பலன் தந்தன, எங்கே தரவில்லை, யார் வரவில்லை என்று திட்டத்துக்கு வெளியே நின்று அளப்பதில்தான் பின்தங்கியிருக்கிறோம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மகளிர் தன்னார்வலர்களை மாத்திரையோடு வீடு தேடி அனுப்புகிறது. அதுபோன்ற ஒன்று கிள்ளானுக்குப் பொருந்துமா, பகலில் பூட்டிக் கிடக்கும் அடுக்குமாடி வீட்டில் யார் கதவைத் திறப்பார் என்பதெல்லாம் ஊகத்தில் முடிவு செய்ய முடியாதவை. நான் கேட்கும் ஒப்பந்தம் இந்தியர்களுக்கு மட்டுமான சலுகை ஆகிவிடாதா என்ற கேள்விக்கும் இடமில்லை. ஒப்பந்தம் இடத்தை வைத்துச் செய்யப்படுகிறது, இனத்தை வைத்தல்ல. ஓர் அடுக்குமாடியில் குடியிருக்கும் எல்லாருக்கும் அது பொது. அந்த இடத்தில் தமிழ் பேசும் முதியவர்கள் அதிகமிருந்தால் தமிழில் பேசத் தெரிந்த ஆள் வேண்டும் என்பது சுகாதாரத்தின் தேவை.

இதற்கான கொள்கை ஆதாரத்தைத் தேடி அலையவும் வேண்டாம். 2023 ஜூன் 15ஆம் நாள் மக்களவை ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கை, நோய் வந்தபின் சிகிச்சை என்ற நிலையிலிருந்து முதல்நிலைச் சேவைக்கும் நோய்த்தடுப்புக்கும் நாட்டைத் திருப்பப் பதினைந்து ஆண்டுத் திட்டத்தை முன்வைக்கிறது. அந்தத் திருப்பம் மருத்துவமனைகளில் தொடங்க முடியாது. மாவட்ட அளவில்தான் தொடங்க முடியும். செலவும் மலைக்க வைப்பதல்ல. ஒரு மாவட்டத்துக்கு ஓர் ஒருங்கிணைப்பாளரின் சம்பளம், மொழிபெயர்ப்பு, தொண்டூழியர் பயணப்படி ஆகியவற்றை, நீரிழிவால் சிறுநீரகம் இழந்தவர்களின் சுத்திகரிப்புக்கு அரசாங்கமும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவும் பொது அமைப்புகளும் ஆண்டுதோறும் செலவிடும் தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது விலை உயர்ந்தது என்று விளங்கும். ஒரு மாவட்டத்தில் சில நோயாளிகளுக்குச் சுத்திகரிப்பைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட முடிந்தாலே, இந்தச் செலவின் பெரும்பகுதி திரும்பிவிடும்.

ஆகவே கோரிக்கைகள் மூன்று தரப்புக்கும் உண்டு. சிலாங்கூர் மாநிலச் சுகாதார இலாகாவும் பொதுச் சுகாதார ஆட்சிக்குழு உறுப்பினரும் பெட்டாலிங், கிள்ளான் மாவட்டங்களைப் பத்தாண்டு முன்னோடிக் களமாக அறிவிக்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் முதுகலை ஆய்வின் மதிப்பெண்ணில் ஒரு பங்கை, பணிபுரிந்த அமைப்பு தரும் மதிப்பீட்டுக்கு ஒதுக்க வேண்டும். தமிழ் அமைப்புகளுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் உள்ள வேலை இன்னும் எளிது, இன்றே தொடங்கலாம். அடுத்த முறை ஒரு மாணவர் கேள்வித்தாளோடு அனுமதி கேட்டு வரும்போது மறுக்க வேண்டாம். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: எங்களுடைய எந்தக் கேள்விக்கு இதில் பதில் கிடைக்கும், முடிவைத் தமிழில் எந்த மாதத்தில் எங்களிடம் சொல்வீர்கள், உங்களுக்குப் பிறகு இங்கே வரப்போவது யார். இந்தக் கேள்விகளைப் பத்து இடங்களில் கேட்கத் தொடங்கிவிட்டால், பல்கலைக்கழகங்கள் அவற்றுக்குப் பதில் தயாரித்துக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும்.